உள்ளிருந்து தள்ளும் கம்பி

ஏப்ரல் 9, 2025

இன்று முழுக்கச் சிவகாசி அட்டைக் கம்பெனியில் வேலை. நீராவிக் குழாய்க்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு போட்டு ரிவெட் அடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவியும் அரிப்பு அடங்கவில்லை. வெந்நீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் துகள் இன்னும் உள்ளே இறங்கும். இது தெரியாமல் முதல் வாரம் அழுதிருக்கிறேன்.

சைட்டில் உடை மாற்ற ஓரிடம் கிடையாது. பஞ்சு ஒட்டிய சட்டையின் மேலேயே புர்காவைப் போட்டுக்கொண்டு லோடு ஆட்டோவில் வரவேண்டும். புர்காவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே என்னோடு சேர்ந்து வருகிற பஞ்சின் மேல்தான் குறை.

கம்பெனியில் புது சூப்பர்வைசர் ஒருவர் என்னைப் பார்த்து, "டீ கொண்டாந்த அம்மாவா?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் வேலுத்தாய் சொல்லிவிட்டாள்: "டீயும் கொண்டாருவாக. ஒங்க பாய்லருக்குச் சட்டையும் தைப்பாக. எது வேணும்னு சொல்லுங்க."

வேலுத்தாய் நாரணாபுரத்துக்காரி. பட்டாசு வேலையை விட்டுவிட்டு என்னோடு வருகிறாள். அவள் இல்லாவிட்டால் எனக்கு அந்த இடங்களில் குரலே கிடையாது.

என் கணவர் ஹக்கீம் எண்ணெய் மில்லில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அதற்கு முன்பு நான் வீட்டிலிருந்து அளவு மட்டும் போட்டுக் கொடுப்பேன். குழாய் வளைகிற இடத்துக்குத் தகட்டை எப்படி வெட்டினால் செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் என்பது கணக்கு. கல்லூரியில் நான் படித்ததும் கணக்குதான். சிவகாசியில் கழித்துப்போடும் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டித் தருவேன். இவர் அதைத் தகட்டின் மேல் வைத்துக் கீறுவார். இவர் விழுந்ததும் தொழிலை இவருடைய தம்பி சம்சு எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அரிசி வரை அவர்தான் பார்த்தார். அதை மறக்கக் கூடாது. மறக்க விடவும் மாட்டார்.

"மைனி, நீங்களே வந்து நின்னு பாத்தாத்தான் சரியா வரும்" என்றார் அப்போது. நின்று பார்க்கப் போனவள் ஏணியில் ஏறிவிட்டேன்.

கீழே அவர் குடும்பம், மாடியில் நாங்கள். மாடிப்படி அவருடைய முன்னறைக்குள் இருக்கிறது. நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஏப்ரல் 13

ஞாயிறு. மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

ஏப்ரல் 17

ஆனைக்குட்டம் ரோட்டில் இருக்கும் மிளகாய்க் குளிர்கிடங்கில் குழாய்க்குக் கறுப்பு ரப்பர் சுற்றும் வேலை. அறுவடை மிளகாய் வந்து குவிகிற நேரம். விருதுநகர் வியாபாரிகளின் மூட்டைகள் கூரையைத் தொடுகின்றன. மிஷினைப் பார்க்கக் கப்பலூர் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தாள். வேல்விழி என்று பெயர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். நான் சுற்றி முடித்த வளைவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு போட்டது?" என்றாள். நான்தான் என்றதும் என்ன படித்தேன் என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க கம்பெனியில குளிர் ரூம் கதவு, சுவர்ப் பலகை எல்லாம் செய்யறோம்க்கா. வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி சரி பாக்க ஒரு ஆள் வேணும். வாங்களேன்."

விருதுநகரிலிருந்து கப்பலூர் ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ் போய்க்கொண்டே இருக்கிறது.

மாலையில் முன்னறையில் வைத்தே சொன்னேன். எப்படியும் அந்த அறையைத் தாண்டித்தானே போக வேண்டும்.

சம்சு சிரித்தார். "கப்பலூருக்கா? தெனமும் பஸ்ல போயி ஊரான் கம்பெனியில நிப்பீகளா? நாலு பேரு என்ன பேசுவாக? இங்கன நான் இருக்கேன். ஒரு ஆம்பளத் தொணை இருக்குல்ல மைனி."

ஏணியின் உச்சியில் நிற்கும்போது எந்த ஆம்பளைத் துணை? — இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மேலே ஹக்கீம் தகடு வெட்டிக்கொண்டிருந்தார். கீழே பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கத்தரி கொஞ்ச நேரம் நின்றது. "ஒனக்கு எது தோதோ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்தது.

எனக்கு எது தோது என்று எனக்கே தெரியும்போது, அந்த வாக்கியத்தை முடிக்க ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை?

ஏப்ரல் 21

குளிர்கிடங்கின் மூன்றாவது அறைக் கதவு வியர்க்கிறது என்று புகார். கதவை வெளியிலிருந்துதான் தாழிடுவார்கள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க, கதவின் கனத்துக்குள் ஒரு கம்பி போகிறது. உள்பக்கக் குமிழைத் தள்ளினால் அந்தக் கம்பி வெளித்தாழைத் தூக்கிவிடும். அது இரும்புக் கம்பி. இரும்பு வழியாகக் குளிர் வெளியே வந்து, கம்பியைச் சுற்றி ஐஸ் கட்டி, வெளியே தண்ணீர் வடிகிறது.

"நைலான் கம்பி, அதுக்கு ஒரு உறை. போட்டா நிக்கும். கோயம்புத்தூர்ல இருந்து வரணும்" என்றேன் சம்சுவிடம்.

"அம்புட்டு நாளு முதலாளி பொறுப்பாரா? கம்பிய உருவிட்டு ஃபோமை அடிச்சு மூடுங்க. மேல ஒரு தகடு. யாரு உள்ள நின்னு தொறக்கப் போறா?"

"நம்ம ஆளுக உள்ள நிப்பாகளே."

"பூட்டுறவன் பாத்துட்டுத்தான் பூட்டுவான். படிச்சவுகளுக்கு எல்லாத்துலயும் பயம்."

முடியாது என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரல் 26

கதவில் ஐஸ் இல்லை. காலையில் பார்த்ததுமே புரிந்தது. குமிழ் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தகடு, நாலு ரிவெட். நான் வராத வெள்ளிக்கிழமை சம்சு ஆண்டிச்சாமியை வைத்து அடைத்திருக்கிறார். ஆண்டிச்சாமி எங்கள் பழைய ஆள். ஹக்கீம் காலத்திலிருந்து இருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஏணியை எடுக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார்.

சம்சுவிடம் கேட்டேன். "நைலான் வந்ததும் மாத்திக்கலாம்" என்றார். ஆர்டர் போட்டாச்சா என்றேன். போன் வந்தது, எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிடங்கு முதலாளி அங்கேதான் இருந்தார். பத்தடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எங்கள் கம்பெனியைக் காட்டிக்கொடுப்பது மட்டுமா? நான் சாப்பிடுகிற வீட்டை, நான் ஏறுகிற படியை... முதலாளி என்னைப் பார்த்து, "கதவு இப்ப ஜம்முனு இருக்கும்மா" என்றார். தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 27

தலையை ஏன் ஆட்டினேன்?

மே 9

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் அறையில், மூட்டைகளுக்குப் பின்னால், கடைசிச் சுவரோரம் குழாய் ஒன்று சொட்டியது. ரப்பர் சுற்றப் போனோம், நானும் வேலுத்தாயும். கதவு அடைபட்டிருப்பது எனக்குத் தெரியும் அல்லவா. அதனால் ஆண்டிச்சாமியைக் கதவிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சம்சு போன் பண்ணி அவரை வேறு சைட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஷிப்ட் முடிந்து வாட்ச்மேன் ஆள் மாறிவிட்டார். புதியவர், கதவு திறந்து கிடக்கிறதே, குளிர் வீணாகிறதே என்று சாத்தித் தாழ்போட்டுவிட்டார். போகிற போக்கில் லைட்டையும் அணைத்துவிட்டார். சுவிட்ச் வெளியே. யார் மேலும் பெரிய தப்பு இல்லை. அதுதான் பயங்கரம்.

லைட் போனதும் வேலுத்தாய், "யக்கா, கரண்ட் போச்சா?" என்றாள். நான் ஏணியிலிருந்து இறங்கும்போதே கால் சொன்னது, கரண்ட் போகவில்லை என்று. மேலே ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கத்தினோம். ஃபேன் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. கதவைத் தட்டினோம். அவ்வளவு கனமான ஃபோம் கதவு. நல்ல வேலை என்றால் சத்தம்கூட வெளியே போகாது. போனில் டவர் இல்லை. தகட்டுச் சுவர் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஓடி ஓடித் தட்டியதில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதும் மிளகாய் நெடி தொண்டைக்குள் இறங்கியது. இரண்டு பேருக்கும் இருமல். கண்ணைத் துடைத்தால் கையிலும் மிளகாய்.

வேலுத்தாய் மீதி இருந்த கறுப்பு ரப்பரை உடம்பில் சுற்றிக்கொண்டாள். எனக்கும் சுற்றிவிட்டாள். "பட்டாசுக்குப் போனா வெந்துதான் சாவேன்னு எங்க ஆத்தா சொல்லுவா. இங்கன வெறைச்சுச் சாகப் போறேன். அவ எதையுமே சரியாச் சொன்னதில்லக்கா." சிரித்தாள். பல் அடித்துக்கொண்டது. அப்புறம் சிரிப்பு நின்று, "எம் புள்ளகிட்ட நாளைக்கு ரேசன் கடைக்குப் போவணும்னு சொல்லியிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு ஒரு விநாடி, வேறு ஒன்றும் இல்லை, ஒரு வெறும் கோபம் வந்தது. இந்தக் கதவை எனக்குத் தெரியும். இதன் எலும்பு எனக்குத் தெரியும். வட்டத் தகடு எங்கே, ரிவெட் எங்கே, ஃபோமுக்குப் பின்னால் தாழ் எந்த உயரத்தில் என்று எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டா இங்கே நின்று தட்டிக்கொண்டிருக்கிறேன்?

வேலுத்தாயைப் போன் லைட்டைப் பிடிக்கச் சொன்னேன். ரப்பர் வெட்டும் கத்தியைத் தகட்டின் விளிம்பில் விட்டு நெம்பினேன். முனை உடைந்தது. மறுபடி நெம்பினேன். ஒரு ரிவெட் தெறித்தது. பிறகு தகட்டைக் கையால் பிடித்து மடக்கினேன், உள்ளங்கை கிழிந்தது, அப்போது தெரியவில்லை. ஃபோம் இறுகிக் கல்லாக இருந்தது. குடைந்தேன். பொடி பொடியாக வந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரைத் துளைக்குள் விட்டு, தாழ் எங்கே இடிக்கிறது என்று தேடி, வேலுத்தாயும் நானும் சேர்ந்து உள்ளங்கையால் குத்தினோம்.

கதவு திறந்ததும் வெளியே இருந்த வெயில் முகத்தில் அறைந்தது. புது வாட்ச்மேன், "அம்மா... நீங்க எப்படி..." என்றார். கறுப்பு ரப்பர் சுற்றிய இரண்டு உருவங்களைப் பார்த்து அவர் பயந்ததில் தப்பில்லை.

போன் போனதும் சம்சு செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"கதவ இப்படியா நாசமாக்குவீக மைனி?"

பிறகு எங்களுக்குத் தானே ஓடிப் போய் டீ வாங்கி வந்தார். இரண்டையும் ஒரே மனிதர்தான் செய்தார்.

மே 10

கதவு எப்படி உடைந்தது என்று முதலாளி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்சு, "சின்ன மிஸ்டேக்கு சார், நைலான் கம்பி ஆர்டர் போட்டாச்சு" என்றார். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே.

ஹக்கீம் என் கைக்கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் கையை விடவில்லை.

மே 12

வேலுத்தாய் வேலைக்கு வரவில்லை. அவளுக்குப் பதில் ஆண்டிச்சாமி வந்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"யம்மா, அந்த ஒரு கதவு மட்டுமில்ல."

தையில் இதே புகார் வந்தபோது பூ குடோனில் ஒன்றும், மீன் குடோனில் ஒன்றும், சிவகாசி ஐஸ்கிரீம் கிடங்கில் ஒன்றும் அடைத்திருக்கிறார்கள். அப்போது என்னை அட்டைக் கம்பெனியிலேயே நிறுத்திவைத்திருந்தார் சம்சு.

ஐஸ்கிரீம் கிடங்கு மிளகாய்க் கிடங்கு மாதிரி இல்லை. அங்கே தண்ணீரைத் தரையில் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே உறையும். அங்கே ரப்பர் சுற்றிக்கொண்டு சிரிக்க நேரம் இருக்காது.

மே 13

மூன்று இடத்துக்கும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சம்சுவிடம் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை.

"சொல்லலாம். சொன்னா அவுக மூணு பேரும் நம்மள விட்டுப் போயிருவாக. ஊர் பூராச் சொல்லுவாக. பொறவு அண்ணனுக்கு மருந்து, ஹாதியாவுக்குப் படிப்பு, யாரு பாப்பா? பக்ரீத் கழியட்டும் மைனி. நானே சத்தமில்லாம மாத்திர்றேன்."

பக்ரீத் வரைக்கும் அந்தக் கதவு யாரையும் பிடிக்காது என்று அவரிடம் யார் சொன்னது?

ஹாதியா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயர் வந்ததும் மேலே ஏறிப் போய்விட்டாள். என் பெண்ணைக் காட்டி என்னைப் பூட்டுகிறார் என்று அவளுக்கும் புரிந்திருக்கும்.

மே 14

ஐஸ்கிரீம் கிடங்கில் ஒரு பெண் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குவாள். பார்த்திருக்கிறேன். பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

மே 15

வேல்விழிக்குப் போன் செய்தேன். வேலைக்காக இல்லை, நைலான் கம்பிக்காக. எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். "நாளைக்கே பஸ்ல போட்டு விடறேன்க்கா" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஹக்கீம் வாசற்படியில் ஊன்றுகோலோடு நிற்கிறார்.

"எப்பப் போகணும்?"

"எங்க?"

"எங்கன்னா? கதவத் தொறக்கத்தான். நான் சம்பாதிச்ச பேரு அந்தக் கம்பெனி. பேரைக் காப்பாத்தறேன்னு அவன் ஆளக் கொல்லப் பாக்கான்."

மூன்று வருடத்தில் அவர் முடித்த முதல் வாக்கியம் இது.

மே 18

ஞாயிறு. கம்பி நேற்றே வந்துவிட்டது. வண்டியை நான் ஓட்ட, ஹக்கீம் பின்னால் உட்கார்ந்து ஊன்றுகோலைத் துப்பாக்கிபோல் தோளில் வைத்துக்கொண்டார். வீட்டைவிட்டு இறங்கும்போது முன்னறையில் சம்சு, "அண்ணே, எங்க கெளம்பிட்டீக?" என்றார். "ஐஸ்கிரீம் சாப்பிட" என்றார் இவர். நிற்கவில்லை.

கிடங்கு மேனேஜர் பாண்டிமுருகன். அவரிடம் நான்தான் சொன்னேன். எங்கள் கம்பெனிதான் அடைத்தது, உள்ளிருந்து திறக்காது என்று. நம்பவில்லை. உள்ளே போய்த் தகட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் கத்தினார். "தெனமும் என் பொண்டாட்டி உள்ள போயிட்டு வாராளேய்யா!"

பெட்டி அடுக்கும் அந்தப் பெண் அவர் மனைவி. பெயர் ஓவியா.

கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன். இனி சம்சுவுக்கு ஒரு வேலைகூடக் கிடையாது என்றார். சரி என்றேன். மாற்றிவிட்டுப் போகிறேன் என்றேன். ஹக்கீம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, திறந்த கதவின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். குளிர்ப் புகை அவர் முதுகைச் சுற்றி வெளியே போய்க்கொண்டிருந்தது. "குளிர் வீணாப் போகுது" என்று யாரோ சொன்னார்கள். "போகட்டும்" என்றார்.

தகட்டை எடுத்து, ஃபோமைக் குடைந்து, உறையைச் செருகி, நைலான் கம்பியை விட்டுக் குமிழை முறுக்கினேன். விரல்கள் மரத்துவிட்டன. வேலை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாதே, பார்க்காமல்.

"நாற்காலிய எடுங்க. என்னைய உள்ள வச்சுச் சாத்துங்க" என்றேன்.

ஹக்கீம் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நாற்காலியை நகர்த்தினார். பாண்டிமுருகன் வேண்டாம் என்றார். நான் உள்ளே போய் நின்றேன். கதவு மூடியது. உள்ளே லைட் எரிந்தும் எனக்கு மூன்றாம் அறை இருட்டுதான் தெரிந்தது. மிளகாயே இல்லாத இடத்தில் மிளகாய் நெடி. கை குமிழை நோக்கிப் போக மறுத்தது. போ, போ என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

குமிழ் மெத்தென்று போனது. கதவு திறந்தது. ஹக்கீம் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓவியா உள்ளே போய்த் தானும் ஒரு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம்.

மே 19

பாண்டிமுருகன் போன் செய்து சம்சுவைத் திட்டியிருக்கிறார். பூ குடோனுக்கும் மீன் குடோனுக்கும் நானே போன் செய்து, மாற்றும்வரை கதவைச் சாத்தும்போது வெளியே ஒரு ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாற்ற நான் வருகிறேன் என்றதற்கு, சம்சுவே வந்து செய்யட்டும் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

பிறகு வேல்விழிக்கு இன்னொரு போன். இந்தத் தடவை வேலைக்காக.

ஜூன் 23

கப்பலூருக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது வாரம். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கதவு ஒவ்வொன்றும் வெளியே போவதற்கு முன்னால் நான் உள்ளே நின்று சாத்தச் சொல்ல வேண்டும். சாத்துவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் குமிழின் மேல் கையை வைத்துக்கொள்கிறேன். அங்கே உடை மாற்ற ஓர் அறை இருக்கிறது. வேலுத்தாயையும் கூப்பிட்டிருக்கிறேன், ஆடி கழிந்து வருகிறேன் என்றிருக்கிறாள்.

வீடு அதே வீடு. படி அதே படி. காலையில் நான் இறங்கும்போது சம்சு பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். மாலையில் ஏறும்போதும் அதே பேப்பர்தான்.

இன்று மாலை பேப்பர் இறங்கியது.

"மைனி... அந்த நைலான் கம்பி. ஒங்க கம்பெனியில ரெண்டு கெடைக்குமா?"

"மூணு வேணும்."

"பூ குடோன், மீன் குடோன். ரெண்டுதான?"

"மிளகாய்க் கிடங்கு? நான் ஒடைச்ச கதவுல ஆர்டர் போட்ட கம்பி வந்துருச்சா?"

பேப்பரை நாலாக மடித்தார். "வரல. துணியச் சுருட்டி அடைச்சு வச்சிருக்கு" என்றார். பிறகு, "சரி. மூணு" என்றார்.

"கொண்டாறேன். ஆண்டிச்சாமி போடட்டும். ஆனா போட்டதும் உள்ள நின்னு, கதவச் சாத்தி, தள்ளிப் பாக்கணும்."

"ஆண்டிச்சாமியப் பாக்கச் சொல்லுறேன்."

"அவரு இல்ல. நீங்க."

"நானா?"

நான் மாடிக்கு ஏறி வந்துவிட்டேன். ஹக்கீம் டீ ஆற்றிக் கொடுத்தார். எழுத உட்கார்ந்தபோது கீழே சம்சு போனில் பேசுவது கேட்டது. குரலை அடக்கித்தான் பேசினார். ஆனாலும் இந்த வீட்டில் எது கேட்காமல் போகும்?

"ஏலே ஆண்டிச்சாமி... கதவச் சாத்துனாலும் உள்ள லைட்டு எரியுமாலே?"